பேஷன்ஸ், கேர்ஸ்டின், மாக்கிறேற்

யேசு மரி சூசை

ஊர்காவற்றுறை
13.06.1965

அன்புள்ள சத்தியபாமாவுக்கு,

இன்று அந்தோனியார் திருநாள். பூசை முடிந்து வந்து சேலையும் மாற்றாமல் கதிரையில் இருந்து இதை எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். நீரும் உம்முடைய வீட்டுக்காரர் இராசநாயகம் அண்ணையும் அந்தப் பதுளைக் குளிரில் எப்படிக் காலம் தள்ளுகிறீர்கள்?

நீர் அனுப்பிய இரண்டு ஆங்கில நாவல்களும் வந்து சேர்ந்தன. பொதிக்கு நீர் போட்டிருந்த சணல் முடிச்சை அவிழ்க்கவே எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. அது என்னப்பா, புத்தகமா, பன்றியா அனுப்பினீர்? வருகிற ஏப்ரலில் எனக்கு ஆங்கில இலக்கியச் சோதனை. கடுமையான சமயக் கட்டுப்பாடுள்ள ஊரில் விபசாரக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட இரண்டு கதாநாயகிகளை ஒப்பிட்டு எழுது என்று கட்டாயம் ஒரு கேள்வி வருமாம். பட்டதாரி நீர் இருக்க நான் ஏன் யோசிக்கிறேன்? கட்டுரை எழுதி அனுப்புவேன், திருத்தித் தரவேண்டும்.

முதல் நாவல், பேஷன்சின் கதையை இரண்டு நாளில் முடித்துவிட்டேன். கிழட்டு ஆலைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள் ஒரேயொரு பிழை விடுகிறாள். அதற்குக் கோயிலில் எல்லாருக்கும் முகம் காட்டிக் கறுப்பு முக்காலியில் ஞாயிறு தோறும் இருக்கவேண்டும், ஊரில் ஒரு சனமும் அவளோடு பேசக்கூடாது என்று தீர்ப்பு. "நான் பாவிதான்" என்று ஒத்துக்கொண்டு ஏழு வருடம் அப்படியே இருக்கிறாள். நான் குசினிக்குள் இருந்து அழுதேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, வெங்காயமே?" என்று கேட்டா. மற்ற நாவலில் வருகிற கேர்ஸ்டினுக்காக எனக்கு அழுகை வரவில்லை. வடகடல் தீவு, மீன்பிடிக்கிற சனம், எங்கள் ஊர் மாதிரித்தான். அவள் "நான் செய்தது பாவமில்லை" என்று எதிர்த்துச் சொல்ல, வள்ளத்தில் ஏற்றி ஊரைவிட்டே அனுப்புகிறார்கள். தலைக்கனம் பிடித்தவள்.

இனி ஊர்ப் புதினம். இதை நான் உமக்கு இதுவரை எழுதவில்லை, எழுத வெட்கம். என் கூடப்பிறந்த இன்னாசித்தம்பி அண்ணையின் மனைவி மாக்கிறேற் இப்போது பத்திநாதர் வீட்டில் இருக்கிறாள். வள்ளம் கட்டுகிற தச்சன், பெண்சாதி செத்தவர். அவள் அங்கே போய் இரண்டு வருடமாகிறது. ஒரு பெண்குழந்தையும் இருக்கிறது. ஞானஸ்நானம் கொடுத்தார்கள், மணி அடிக்கவில்லை. அம்மா அதற்குப் பிறகு நல்லாக ஒடுங்கிப் போனா.

இராசநாயகம் அண்ணைக்கும் என் அன்பைச் சொல்லும்.

அன்புத் தோழி,
மேரிஜோசப்பின்


சிவமயம்

பதுளை
02.07.1965

என் ஜோசப்பினுக்கு,

உம்முடைய கடிதத்தை இவர் கடை மேசையில் போட்டுவிட்டு மூன்று நாள் மறந்து போனார். கேட்டால், "உன்ரை கூட்டாளி சுகம்தானே, சுகமில்லாட்டித் தந்தியெல்லோ வந்திருக்கும்" என்கிறார். இப்படியும் ஒரு மனுசன்!

குசினிக்குள் இருந்து அழுதீரா? யாழ்ப்பாணத்து விடுதியில் நான் காய்ச்சலில் கிடந்தபோதும் மணி அடித்தவுடன் போர்வையை இழுத்துச் செபத்துக்கு எழுப்பின ஜோசப்பினா இது? நான் சைவப்பிள்ளை என்று சொல்லியும் கேட்கவில்லையே நீர்!

கேர்ஸ்டினைப் பிழையாக வாசித்திருக்கிறீர். 212ஆம் பக்கத்தை இன்னொருமுறை பாரும். வள்ளத்தைத் தள்ளும்போது அவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். உமக்கு அது தலைக்கனமாகத் தெரிகிறது. கை நடுங்குகிறது, அதை மறைக்கத்தான் கட்டிக்கொண்டு நிற்கிறாள். பேஷன்ஸ் அழுகிறாள், இவள் அழவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான் என்பது என் எண்ணம். அழுகிற பெண்ணை மன்னிக்க வாசிக்கிற எல்லாருக்கும் விருப்பம்.

மாக்கிறேற் விசயம் எனக்கு விளங்கவில்லை. இன்னாசி அண்ணை கடலில் போய் ஆறு வருடமாகப் போகிறதே. நீர்தானே அந்த மாரியில் எழுதினீர்? செத்துப்போன மனுசனுக்கு எப்படித் துரோகம் செய்வது? கோபிக்கவேண்டாம், தெரியாமல்தான் கேட்கிறேன். உங்கள் கோயில் சட்டம் வேறாக இருக்கலாம்.

இங்கே மழை. காயப்போட்ட உடுப்பு நாலு நாளாகியும் காயவில்லை.

அன்புடன்,
பாமா


யே. ம. சூ.

ஊர்காவற்றுறை
20.07.1965

அன்புள்ள பாமாவுக்கு,

நீர் வழக்காடுகிற அப்புக்காத்து மாதிரிக் கேள்வி கேட்கிறீர். சொல்லுகிறேன், கேளும்.

அந்த வள்ளத்தில் அண்ணையும் அவரோடு மீன்பிடிக்கிற இராயப்புவும் போனார்கள். இராயப்புவின் உடல் நெடுந்தீவில் ஒதுங்கியது, சேமக்காலையில் குழி வெட்டி அடக்கினோம். வள்ளத்தின் பலகையும் இரண்டு ஒதுங்கின. அண்ணை வரவில்லை. உடல் இல்லாவிட்டால் மனைவி மறுபடி கோயிலில் கலியாணம் முடிக்க ஏலாது. அவர் செத்துப்போனார் என்று பெற்றாரோ கூடப்பிறந்தவர்களோ பங்குச் சுவாமிக்கு முன்னால் சத்தியம் பண்ணவேண்டும். அதைச் சுவாமி ஆயர் இல்லத்துக்கு எழுதி, அங்கிருந்து உத்தரவு வரவேண்டும். அம்மா சத்தியம் பண்ணமாட்டா. சங்கு வாங்க வருகிற ஒருவன், இராமேஸ்வரத்தில் அண்ணையைப் போல ஒருவரைக் கண்டேன் என்று எப்போதோ சொல்லிவிட்டுப் போனான். அம்மா அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறா. பெற்றவ இருக்க, நான் முந்திக்கொண்டு போய்ச் சத்தியம் பண்ணுவது எப்படி?

மாக்கிறேற் இரண்டுமுறை வந்து கேட்டுப் பார்த்தாள். அம்மா முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் முறை வரவில்லை, பத்திநாதர் வீட்டுக்குப் போய்விட்டாள். பொறுத்திருக்கலாம்தானே? பேஷன்ஸ் ஏழு வருடம் பொறுக்கவில்லையா? இப்போது கோயிலில் பின் தூணோடு நிற்பாள், சுவாமியிடம் நன்மை அப்பம் வாங்க வரமாட்டாள். நாங்கள் ஒருவரும் அவளோடு கதைப்பதில்லை. இங்கத்தைய வழமை அதுதான். முன்பு அவளை வாய் நிறைய மச்சாள் என்று கூப்பிட்டவள் நான். எனக்கு மட்டும் கவலை இல்லையா?

சரி, அதை விடும். பன்னிரண்டு பக்கக் கட்டுரை இதனோடு வருகிறது. சிவப்பு மையால் தாராளமாகத் திருத்தும்.

அன்புடன்,
மேரிஜோசப்பின்


சிவமயம்

பதுளை
15.08.1965

என் ஜோசப்பினுக்கு,

நூற்றுக்கு அறுபத்திரண்டு. முகத்தைச் சுருக்கவேண்டாம். நான் பள்ளிக்கூடத்தில் ஐம்பதுக்கு மேல் போடுவதே அபூர்வம் என்று இங்கே பிள்ளைகள் என்னைச் சபிக்கிறார்கள்.

உம்முடைய ஆங்கிலத்தில் பிழை பிடிக்க எனக்கு வழியில்லை. தாழ்ந்து போன பேஷன்சையும் தாழாத கேர்ஸ்டினையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, யாருடைய பாவம் பெரிது, யாருடைய தவம் பெரிது என்று அழகாக அளந்திருக்கிறீர். பேஷன்சுக்கு இரக்கம் காட்டிய ஆறாம் பக்கத்தை இவருக்கும் வாசித்துச் சொன்னேன். இவரே "பாவம்" என்றார்.

குறை என்னவென்றால், பன்னிரண்டு பக்கத்திலும் அந்த ஊர்ச்சனத்தைக் காணவில்லை. கறுப்பு முக்காலியைச் செய்தது யார்? வள்ளத்தைத் தள்ளினது எத்தனை பேர்? அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் என்ன சாப்பிட்டார்கள்? இரண்டு பெண்களையே உற்று உற்றுப் பார்த்திருக்கிறீர். அந்த ஊர்ச்சனமும் அதைத்தானே செய்தது? இதற்கு ஒரு பந்தி எழுதும். இது சோதனைக்காகச் சொல்லுகிறேன், வேறு ஒன்றுக்குமில்லை.

ஓம், இன்னொன்று. அம்மா நம்புகிறா, சரி. பெற்ற வயிறு. நீர் என்ன நம்புகிறீர்? அண்ணை இராமேஸ்வரத்தில் இருக்கிறார் என்றா?

அன்புடன்,
பாமா


யே. ம. சூ.

ஊர்காவற்றுறை
07.11.1965

அன்புள்ள பாமாவுக்கு,

பதில் பிந்திவிட்டது. நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பரிசோதகர் வந்தார், பிறகு எனக்குத் தடிமன் காய்ச்சல், பிறகு ஆத்துமாக்கள் திருநாள். இங்கே நவம்பர் இரண்டாம் திகதி சேமக்காலையில் செத்தவர்களின் பெயர்களை வாசித்துப் பூசை வைப்பது வழக்கம் என்று உமக்குத் தெரியும்தானே. வீடு வீடாகப் பெயர் தருவார்கள். என் கையெழுத்து வடிவு என்று உபதேசியார் மரியநாயகம் அந்தப் பட்டியலை ஒவ்வொரு வருடமும் என் தலையில் கட்டிவிடுவார். இந்த முறை நூற்று எழுபது பெயர். கை வீங்கிப் போனது.

நீர் சொன்ன பந்தியை எழுதிவிட்டேன். அந்த ஊர்ச்சனம் கொடியவர்கள் அல்லர், தங்கள் ஒழுங்கு குலைந்துவிடும் என்று பயந்தவர்கள் என்று எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது. இப்போது எழுபது புள்ளியாவது போடுவீரா?

உமக்கு ஒரு புதினம் சொல்லவேண்டும். நான் பள்ளிக்கூட விறாந்தையில் இருந்து பட்டியல் எழுதிக்கொண்டிருக்க, மாக்கிறேற் வந்து நின்றாள். கையில் இரண்டு மெழுகுதிரி. இடுப்பில் அந்தக் குழந்தை.

"ரீச்சர், அவற்ரை பேரையும் எழுதுங்கோ" என்றாள். என்னை ரீச்சர் என்கிறாள்!

"எவற்ரை?"

"உங்கடை அண்ணையின்ரை."

"பேர் குடுக்கிறது அந்தந்த வீட்டுக்காரர். நீர் இப்ப எந்த வீடு?" என்று கேட்டேன்.

குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். நானும் விடவில்லை. "உயிரோடை இருக்கிற மனுசனுக்குச் செத்தவையின்ரை பூசை ஒப்புக்குடுக்க ஏலாது" என்றேன். பக்கத்தில் உபதேசியாரும் இருந்தார், பெரிய வகுப்புப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாக்கிறேற் மெழுகுதிரியைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எனக்கு உடனே கேர்ஸ்டின்தான் ஞாபகம் வந்தாள். அதே தலைக்கனம், அதே நிமிர்வு. என்ன துணிச்சல் பாரும்! அம்மாவிடம் சொன்னேன். "நல்லாச் சொன்னாய்" என்றா.

கட்டுரையின் முடிவுப் பந்தி சரிவரவில்லை. பேஷன்சை ஊர் கடைசிவரை மன்னிக்காமல் விட்டது ஏன் என்று எப்படி எழுதலாம்? யோசித்துச் சொல்லும்.

அன்புடன்,
மேரிஜோசப்பின்


சிவமயம்

பதுளை
16.11.1965

ஜோசப்பின்,

உமக்கு விசரே?

இதை நாலு தரம் எழுதிக் கிழித்தேன். இவர் "பெட்டையைப் பேசாதை, அவையின்ரை வீட்டு விசயம்" என்கிறார். பேசாமல் இருக்க ஏலாது. கடுதாசியில் இருக்கிற பேஷன்சுக்குக் குசினிக்குள் இருந்து அழுகிறீர். மெழுகுதிரியோடு முன்னால் வந்து நின்றவளை, குழந்தையை வைத்துக்கொண்டு நின்றவளை, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு முன்னால் "நீர் எந்த வீடு" என்று கேட்டிருக்கிறீர். கேட்டுவிட்டு அதை எனக்குப் பெருமையாக எழுதுகிறீர், அதற்குக் கீழே முடிவுப் பந்தி எப்படி எழுதுவது என்று என்னிடமே கேட்கிறீர். ஐயோ ஜோசப்பின்!

அவள் உம்மிடம் மன்னிப்புக் கேட்டு வரவில்லை. தன் புருசனுக்குப் பூசை கேட்டு வந்தாள். இத்தனை வருடத்தில் அந்த மனுசனுக்காக ஒரு பூசை கேட்டது அவள் ஒருத்திதான். தாய் கேட்கவில்லை, தங்கச்சி கேட்கவில்லை. ஊர் விபசாரி என்கிறவள் கேட்டாள். இதை நீர் யோசித்தே பார்க்கவில்லையா?

போன ஆவணியில் நான் கேட்ட கேள்விக்கு நீர் பதில் எழுதவில்லை. கவனித்தேன். திரும்பவும் கேட்கிறேன். அண்ணை உயிரோடு இருக்கிறார் என்று நீர் நம்பினால், இராமேஸ்வரத்துக்கு ஏன் ஒரு கடிதமாவது போடவில்லை? ஊர்ச்சனத்துக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுக்கிற ஆள் நீர். அங்கே கோயில் இருக்கிறது, சுவாமிமார் இருக்கிறார்கள், பொலிஸ் இருக்கிறது. ஐந்து சத முத்திரைக்குப் பஞ்சமா?

கோபம் வந்தால் வரட்டும். நீர் எனக்குச் சிநேகிதி, அதனால்தான் எழுதுகிறேன். கட்டுரைக்கு நான் இனிப் புள்ளி போடமாட்டேன்.

சத்தியபாமா


சிவமயம்

பதுளை
12.01.1966

அன்புள்ள ஜோசப்பின்,

டிசம்பரில் நத்தாருக்கு வாழ்த்து அனுப்பினேன். கிடைத்திருக்கும். உம்மிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பதினைந்து வருடத்தில் உம்முடைய நத்தார் மடல் வராத முதல் வருடம் இதுதான்.

எழுதியதில் பிழை இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். எழுதிய விதம் பிழை. என் வாய் உமக்குத் தெரியும்தானே. தபாற்காரன் பொதி ஏதும் கொண்டு வந்தால், இரண்டு புத்தகத்தையும் திருப்பி அனுப்பிவிட்டீரோ என்று முதலில் அனுப்பினவர் பெயரைத்தான் பார்க்கிறேன். இவர் "நல்லா வேணும் உனக்கு" என்கிறார்.

பொங்கலுக்கு வேலணைக்கு வர நினைத்தோம், கடையை விட்டுவர வசதிப்படவில்லை. வந்திருந்தால் உம்முடைய வாசலில் வந்து நின்றிருப்பேன். கதைக்க விருப்பமில்லாவிட்டால் இரண்டு வரி திட்டியாவது எழுதும்.

பாமா


யே. ம. சூ.

ஊர்காவற்றுறை
28.02.1966

அன்புள்ள பாமாவுக்கு,

புத்தகங்களை அனுப்பவில்லை. அலுமாரியில் இருக்கின்றன. முதல் இரண்டு கிழமை உம்மேல் கோபம், உண்மை. அந்தக் கடிதத்தை அடுப்பில் போடப் போய், ஒரு மூலை கருகினபிறகு எடுத்தேன். பிறகு கோபம் போய்விட்டது, எழுத வெட்கமாக இருந்தது.

நீர் கேட்ட கேள்வி விடவில்லை. படிப்பிக்கும்போதும் அதுதான், மீன் கழுவும்போதும் அதுதான். இராமேஸ்வரத்துக்கு ஏன் எழுதவில்லை? எழுதினால் அங்கே வாங்குவதற்கு ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும், பாமா. இராயப்புவின் உடலைக் கொண்டுவந்து இறக்கின அன்றே தெரியும். மாக்கிறேற்றைப் பாவி என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கும் மட்டும் அண்ணை எங்கேயோ உயிரோடு இருந்தார். அவளோடு ஒரு வார்த்தை கதைத்தால், சரி என்று தலையாட்டினால், அந்த நிமிடமே அவர் செத்துப்போவார். எனக்கு அது ஏலாமல் இருந்தது. அதற்கு அவளைப் பிடித்து முக்காலியில் வைத்தேன்.

டிசம்பர் எட்டாம் திகதி மாதாவின் திருநாள். அதற்கு அடுத்தநாள் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் சுவாமியிடம் போனேன். ஒளித்துப் போகவில்லை. இராயப்புவின் தமையனும் சாட்சிக்கு வந்தார். சுவாமி வேதாகமத்தில் கை வைக்கச் சொன்னார். வள்ளத்தைச் சொன்னேன், பலகையைச் சொன்னேன், இராயப்புவைச் சொன்னேன். "ஆகையால்?" என்று சுவாமி கேட்டார். வள்ளத்தையே திரும்பவும் சொன்னேன். "தண்ணி குடியும் பிள்ளை" என்றார். குடித்துவிட்டுச் சொன்னேன், "என்ரை அண்ணை செத்துப்போனார்." அதை நான் வாயால் சொன்னது அதுதான் முதல்முறை. அவருடைய மேசையில் தலையை வைத்து அழுதேன். அவர் பேனையையும் மைப்போத்தலையும் மெல்ல அங்கால் தள்ளி வைத்தார்.

தை முடிவில் ஆயர் இல்லத்து உத்தரவு வந்தது. விபூதிப் புதனுக்கு முதல் வாரம், வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் கலியாணம். மணி இல்லை, பந்தல் இல்லை, பத்துப் பேர்கூட இல்லை. நான் போய்ச் சாட்சிக் கையெழுத்து வைத்தேன். மாக்கிறேற் என்னைக் கட்டிப்பிடித்தாள் என்று நினைக்கவேண்டாம். கோயில் வாசலில் வைத்து, "ரீச்சர், மூண்டு வருசம் பிந்திப்போச்சு" என்றாள். "ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல? குழந்தை என் கைப்பையைப் பிடித்து இழுத்தது. பத்திநாதர் அதைத் தூக்கிக்கொண்டு போனார். அவள் இன்னும் என்னை ரீச்சர் என்றுதான் சொல்லுகிறாள். இனியும் அப்படித்தான் சொல்லுவாள் போலிருக்கிறது.

கட்டுரையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறேன். இந்த முறை அந்த இரண்டு பெண்களும் முதலாம் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறார்கள், மிச்சமெல்லாம் கோயில் வாங்கில் இருந்து பார்த்தவர்களைப் பற்றித்தான். சோதனைக்காரருக்குப் பிடிக்காமலும் போகலாம். ஏப்ரலில் போய் எழுதத்தான் போகிறேன்.

அம்மாதான் பெரிய பாடு. சத்தியம் பண்ணிவிட்டு வந்த அன்று, "என்ரை பிள்ளையை நீ சாகடிச்சுப் போட்டாய்" என்றா. அதற்குப் பிறகு என்னோடு ஒரு கதையும் இல்லை. நான் சமைத்தால் தொடமாட்டா, தனக்கு வேறாக உலை வைப்பா. ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் இப்படி எண்பது நாள் இருந்தோம். மாக்கிறேற் அந்தப் பின் தூணோடு எப்படி நின்றிருப்பாள் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

நேற்று முன்தினம் சனிக்கிழமை அண்ணைக்குப் பூசை வைத்தோம். செத்தவர்களின் புத்தகத்தில் பதிய உபதேசியார் திகதி கேட்டார். நான் யோசித்துப் பார்த்துவிட்டு, அவர்கள் தொழிலுக்குப் போன நாளைச் சொன்னேன். 1959 நவம்பர் 26, வியாழக்கிழமை. அவரும் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்தபோது அம்மா குசினி வாசலில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தா. பதில் வராது என்று தெரிந்தும், "அண்ணையை வியாழக்கிழமை எண்டு புத்தகத்திலை பதிஞ்சாச்சு" என்று அவவின் முதுகுக்குச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

"வியாழன் இல்லை" என்றா அம்மா.

நான் திரும்பி வந்து நின்றேன். அவ தலை நிமிரவில்லை, கத்தியும் நிற்கவில்லை.

"வெள்ளி. வெள்ளி விடியப்புறம். அண்டைக்கே எனக்குத் தெரியும். போய் மாத்தி எழுதுவி."

சேலை மாற்றாமல் அப்படியே திரும்பிப் போய் 27 என்று மாற்றி எழுதுவித்துக்கொண்டு வந்தேன். அம்மா எனக்கும் சோறு போட்டு மூடி வைத்திருந்தா.

அன்புத் தோழி,
மேரிஜோசப்பின்